வயிற்றுக் குறிப்பேடு

ஜூன் 2

முப்பத்து நான்கு வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் இன்று முதல் அடுக்களையில் மாணவன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மனைவி உலகம்மாளுக்குத் தபால் நிலையத்தில் இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. "காலையில நான் பையத் தூக்கிட்டு ஓட, நீங்க பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க, பாக்க நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள். நல்லா இருக்காது. சமையல் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன். அதற்குத்தான் இந்த நோட்டு. பிள்ளைகளை எழுதச் சொன்ன முறையிலேயே எழுதப்போகிறேன்: நோக்கம், செய்முறை, காண்பது, முடிவு.

முதல் பாடம் ரசம். இந்த வீட்டில் ரசம் என்றால் ஈயச் செம்பில் கொதிக்க வேண்டும். உலகுவின் அம்மா தென்காசியிலிருந்து சீராகக் கொடுத்து விட்ட செம்பு அது. வேறு பாத்திரத்தில் வைத்தால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. எனக்கோ வயிற்றுப்புண். புளி ஆகாது. பத்து வருடமாக மோர்ச் சோறுதான். ஆக, ரசம் அவள் ஒருத்திக்கு.

"ஒண்ணே ஒண்ணு சார்வாள்," என்றாள். கிண்டல் செய்யும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். "வெறுஞ்செம்ப அடுப்புல வைக்கப்படாது. முதல்ல புளித்தண்ணி, அப்புறம்தான் தீ. இல்லேன்னா உருகிரும்."

"எனக்கே பாடமா? வெள்ளீயத்தின் உருகுநிலை இருநூற்று முப்பத்திரண்டு டிகிரி."

"டிகிரியெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கம்மா செம்பு உருகிச்சுன்னா அன்னைக்கு நீங்களும் உருகிருவீங்க. அவ்வளவுதான்."

ஜூன் 19

உருகிவிட்டது.

வெறுஞ்செம்பை அடுப்பில் வைத்துத் தீயைப் பற்றவைத்தேன். புளியைக் கரைக்கத் திரும்பினேன். வாசலில் சிலிண்டர்க்காரர் மணி அடித்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் அடிப்பாகம் மெழுகு மாதிரித் தொய்ந்து பர்னரில் ஒழுகியிருந்தது. சாக்கில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் எவர்சில்வரில் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "என்னமோ குறையுதே," என்றாள்.

"பெருங்காயம் மறந்துட்டேன்," என்றேன்.

பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லும்போது அவர்கள் பார்வை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கூரைக்குப் போகும். இன்று என் பார்வையும் அங்கேதான் போனது.

ஜூன் 21

தேரோட்டம். ஊரே ரத வீதியில் நின்றது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற, அடி வைக்கிற ஒருவர் திருவிழாவுக்கென்று வந்து ஒரு முக்கில் கரி அடுப்பும் துருத்தியும் போட்டிருப்பதாகக் காய்கறிக் கடையில் சொன்னார்கள். உலகு வேலைக்குப் போனதும் சாக்கோடு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர்.

நேர் முன்னால் நின்ற அம்மாளின் கையிலும் ஓர் ஈயச் செம்பு. ஓரத்தில் ஒழுக்கு. "மக ஏழாம் மாசம், வீட்டுக்கு வந்திருக்கா சார். பிள்ளை பெத்தவளுக்கு மொளகு ரசம் வைக்க இது வேணும்லா," என்றாள். மேட்டுத் தெருவில் பால் டிப்போவுக்கு எதிர்வீடாம். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் நான் பாடம் எடுத்துவிட்டேன். சுத்தமான வெள்ளீயத்தைக் கம்பியாக்கிக் காதருகே வளைத்தால் கிறீச் என்று ஒரு முனகல் கேட்கும், பல் தேய்ப்பது போல. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் வளைத்துக் காட்டுவேன். கடைசி பெஞ்சுக்காரர்களும் எழுந்து வந்துவிடுவார்கள்.

"ஈயம் பேசுமாக்கும்!" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "நம்ம ஊட்டு ஆளுதான் பேச மாட்டேங்காரு."

எங்கள் முறை வந்ததும் ஈயம் பூசுகிறவர் ஒரு கட்டியை வளைத்து உடைத்து, உருக்குகிற மூசையில் போட்டார். நான் காதைச் சாய்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மேளச் சத்தம், தேர்ச் சத்தம். கேட்டிருக்க வழியில்லை.

பழைய அடியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்துக் கொடுத்தார். "பழசை விடக் கனமா நிக்கும் சார்." உண்மைதான். நல்ல கனம்.

சாயங்காலம் உலகு அடுக்களைக்குள் வந்தவள் அலமாரியிலிருந்து செம்பை எடுத்தாள். ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். திரும்ப வைத்துவிட்டு, "நல்லா வெளக்கியிருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான். விஷயம் முடிந்தது.

ஜூன் 23

ரசத்துக்குப் பாராட்டு. "லேசாத் தித்திக்குதே, வெல்லம் போட்டீங்களோ?" என்றாள். போடவில்லை. தக்காளி நல்ல பழமாக இருந்திருக்கும். ஒரு டம்ளர் கூடக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இனிக் காலையிலேயே வைத்துச் செம்பிலேயே மூடி வைத்துவிடுவேன். சாயங்காலம் அவள் வருவதற்குள் புளியும் மிளகும் நன்றாக ஊறி நிற்கும்.

ஜூலை 20

நோட்டின் நோக்கம் இன்று மாறுகிறது. உலகுவுக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள், அதுவும் நான் இரண்டு தடவை கேட்ட பிறகு. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதைச் சொல்ல ஒரு தயக்கம். இந்த நோயின் பாதி பலமே அந்த வெட்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன். சாப்பிட்டது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வரும்போது குழம்பு பதத்தில் இருக்கும். பெருங்குடலின் வேலை அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. நேரத்துக்கு வெளியேறினால் சரியான பதம். தாமதித்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெளியே மறந்து வைத்த தோசை மாவு மேலே ஏடு கட்டிக் காய்கிற மாதிரி. காய்ந்தது நகராது. நகராதது இன்னும் காயும்.

இன்னோர் உதாரணம், பள்ளிக்கூட மணி. காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும் குடல் ஒரு மணி அடிக்கும். அப்போது எழுந்து போக வேண்டும். "இப்ப முடியாது, உக்காரு" என்று தினமும் பிள்ளையை அடக்கினால் ஒருநாள் அவன் கேட்பதையே விட்டுவிடுவான். உலகுவின் தபால் நிலையத்தில் பெண்களுக்கு உருப்படியான கழிப்பறை கிடையாது. அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, மணி அடித்தாலும் அடக்கிக்கொள்கிறாள். காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செய்முறை: எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர். இரவில் ஊறவைத்த உலர்திராட்சை பதினைந்து, சாறோடு. தினம் ஒரு கீரை. கொய்யாப்பழம் விதையோடு. காலுக்குக் கீழே சின்ன முக்காலி. வெஸ்டர்ன் டாய்லெட்டில் முழங்கால் உயர்ந்தால்தான் வழி நேராகும்.

ஜூலை 23

போனாள். ஆட்டுப் புழுக்கை மாதிரி கொஞ்சம். ஆனாலும் போனாள். நோட்டில் பெரிய டிக் போட்டேன். "இதுக்கும் மார்க்கு உண்டா?" என்றாள்.

"பத்துக்கு அஞ்சு."

"ஜஸ்ட் பாஸு," என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 4

மறுபடி ஐந்து நாள். தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது என்கிறாள். அமுக்கிவிட்டால் கொஞ்சம் தேவலையாம். மூடி வைத்த காற்று அப்படித்தான் சுழலும்.

நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் கடுக்காயும் நிலாவரை இலையும் வாங்கினேன். "நிலாவரைய நெதம் குடுக்காதீங்க சார், கொடல் பழகிரும். பதினஞ்சு நாளாயும் சரியாகலேன்னா டாக்டரப் பாத்துருங்க," என்றார். பொறுப்பான மனிதர்.

உலகு கஷாயத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். அவளுக்குப் பிடித்த செம்பிலேயே புளித்தண்ணீரும் வெல்லமும் கடுக்காய்த் தூளும் போட்டுக் கொதிக்க வைத்து, ரசம் மாதிரியே கொடுத்தேன். குடித்துவிட்டாள். வாத்தியார் தந்திரம். கசப்பான கணக்கைக் கதையாகச் சொல்வது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். தலைவலி, சோர்வு. சாப்பாடு வேண்டாம், ரசம் மட்டும் போதும் என்றாள். இரண்டு டம்ளர் கொடுத்தேன்.

வாயெல்லாம் காசைச் சப்பின மாதிரி இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 29

விளக்கெண்ணெய் ஒரு கரண்டி, வெதுவெதுப்பான பாலில். போனாள், வலியோடு. மறுநாளே பழையபடி இறுக்கம்.

பதினைந்து நாள் தாண்டிவிட்டது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "ஆம்பள டாக்டர்ட்டப் போயி இதையா சொல்ல? உங்க வைத்தியம் போதும்," என்றாள். நான் வற்புறுத்தவில்லை. என் வைத்தியம் போதும் என்று அவள் சொன்னது காதுக்கு இனிமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் முகம் வெளுத்திருக்கிறது. முருங்கைக் கீரை வாரம் மூன்று நாள்.

செப்டம்பர் 8

உலகு ஒரு வாரமாகத் தென்காசியில், தம்பி வீட்டில். தம்பி மகளுக்குச் சடங்கு. தினமும் சாயங்காலம் போன் பேசுகிறேன். முதல் மூன்று நாள் பழைய கதைதான். நேற்றுத் தானாகவே போனதாம். இன்றும் போனதாம். முறுக்கல் குறைந்திருக்கிறது. குரலில் பழைய உலகு. "இங்க ஒரு வைத்தியமும் இல்ல சார்வாள். இட்லி தின்னேன், அருவித் தண்ணி குடிச்சேன், போச்சு."

முடிவு: நீரும் காற்றும் மாறினால் குடலும் மாறும். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன்.

செப்டம்பர் 10

வந்துவிட்டாள். "ஒரு வாரமா நல்ல ரசம் குடிக்கல. என் தம்பி பொண்டாட்டி குக்கர்லயே எல்லாத்தையும் வச்சிருதா," என்றாள். செம்பு நிறைய வைத்தேன்.

செப்டம்பர் 16

நான்கு நாள். அடைப்பு.

செப்டம்பர் 22

தபால் நிலையத்தில் ஒரு சின்னச் சங்கதி. முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது கட்டை கையிலிருந்து நழுவி விழுந்ததாம். மறுபடி எடுத்துக் குத்தினால் மணிக்கட்டு நிற்கவில்லை. எதிரே நின்றவர், "என்னம்மா, முத்திரை எங்கியோ, கவர் எங்கியோ?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடம் முத்திரை குத்திய கை. தேய்மானம் இருக்காதா? நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன்.

இனி காலையிலும் ஒரு வேளை கடுக்காய்ச் சாறு. செம்பு இப்போது நாள் முழுக்கவே அடுப்பு மேடையில்தான்.

செப்டம்பர் 30

உலகு பல் தேய்க்கும்போது பார்த்தேன். கீழ் ஈறின் ஓரமாக, பல்லை ஒட்டி, நீல மையால் மெல்லியதாகக் கோடிழுத்த மாதிரி. கடுக்காய்க் கறை என்று சொன்னேன். "முத்திரை மைய வாயில போட்டுட்டேன் போல," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

அக்டோபர் 3

ஆயுத பூஜை வருகிறது என்று அலமாரியைச் சுத்தம் செய்தேன். இரவில் செம்பைக் கழுவி வைக்கும் தட்டில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு சாம்பல் வட்டம். இழுத்து வைத்த இடத்திலெல்லாம் கீற்றுக் கீற்றாக.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் விரித்தேன். செம்பைப் புளி போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு கையையும் கழுவினேன், இரண்டு தடவை.

எட்டாம் வகுப்பு, உலோகங்கள் பாடம் காரணமில்லாமல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வேறு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 6

இசப்கோல், பப்பாளி, வெந்நீர். பயன் இல்லை. உலகு இன்று ரசத்தைப் பாதி வைத்துவிட்டாள். மீதியைக் கொட்டினேன். நாளை ரசம் வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏன்? இறங்குததே அது ஒண்ணுதான். அதையும் நிப்பாட்டவா?"

"வேற பாத்திரத்துல வைக்கட்டுமா?"

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் ஜூன் பத்தொன்பதிலிருந்து தொடங்க வேண்டும். "சும்மா கேட்டேன்," என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்டோபர் 7

ரசம் வைத்தேன். செம்பில்.

அக்டோபர் 11

ஆஸ்பத்திரி. நேற்றுக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வாந்தி. ஆட்டோவில் என் தோளைப் பிடிக்கக் கையை எடுத்தாள், மணிக்கட்டு தொங்கியது. காய்ந்த வாழையிலை ஒடிந்து தொங்குமே, அப்படி.

ஒன்பது நாளாகக் குடல் நகரவில்லை என்கிறார்கள். ஸ்கேனில் அடைப்பு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறதாம். ரத்தம் மிகக் குறைவு. எங்கேயோ கட்டி இருந்து உள்ளே கசிகிறதோ என்று சந்தேகம்.

அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண். இளவயது, வேகமான பேச்சு. "வீட்ல என்ன குடுத்தீங்க சார்? நாட்டு மருந்து, பொடி, பஸ்பம், எதையும் மறைக்காதீங்க. மறைச்சா எனக்குத்தான் கஷ்டம்."

நான் இந்த நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். கடுக்காய், நிலாவரை, விளக்கெண்ணெய், திராட்சை, தேதி, அளவு, பலன். "எங்க கேஸ் ஷீட்டு கூட இவ்வளவு நீட்டா இருக்காது சார்," என்றார். பக்கங்களை வேகமாகத் தள்ளினார். ஜூன் மாதத்தை அவர் பார்க்கவில்லை. வயிற்றுப் பாடம் ஜூலையில்தானே தொடங்குகிறது. பஸ்பம் எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டார்.

"இதுல இல்லாதது வேற ஏதாவது?"

"இல்லை," என்றேன்.

அக்டோபர் 12, பகல் ஒன்றரை மணி, வீடு

சாயங்காலம் ஐந்து மணிக்கு வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "இந்த ரத்தத்த வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்கதே ரிஸ்க்குதான் சார். ஆனா வேற வழி தெரியல," என்றார் டாக்டர்.

மாற்றுச் சேலை எடுக்கக் கிளம்பினேன். உலகு இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள். "கண்ணு முழிச்சதும் ஒரு வாய் ரசம் வேணும். அந்தச் செம்புல வச்சுக் கொண்டாங்க. நீங்க வைக்கது எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு."

செம்பு இப்போது என் முன்னால் மேசை மேல் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல. வெள்ளீயத்தால் ஒரு கேடும் இல்லை. அதில்தான் ரசம் வைப்பார்கள். காரீயம் விஷம். புளிப்பில் கரையும். கரைந்தால் லேசாக இனிக்கும். அடையாளம் காண மூன்று வழி. காரீயம் கனம் கூடியது. வளைத்தால் முனகாது. தாளில் இழுத்தால் பென்சில் போல எழுதும்.

கனத்தை ஜூன் இருபத்தொன்றில் என் கையே சொன்னது. முனகலுக்காகக் காதைச் சாய்த்தது நான்தான். கேட்காததற்கு மேளத்தைச் சாட்சி வைத்தவனும் நான்தான். அக்டோபர் மூன்றில் தாளைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை எழுதவில்லை. எழுதினால் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அந்தச் செம்பில் ரசம் வைத்தேன். அதையும் எழுதியிருக்கிறேன், ஒரே வரியில்.

இப்போது சோதனை. செம்பைக் கவிழ்த்து, அதன் அடியை இந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு முறை இழுக்கிறேன்.

கீழே இருக்கும் கோடு பென்சில் அல்ல.

மணி ஒன்று ஐம்பது. கிளம்புகிறேன்.

அக்டோபர் 13

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். வெளியே வர மூன்று மணி ஆயிற்று. செம்பையும் நோட்டையும் நீட்டி, ஜூன் பத்தொன்பதிலிருந்து சொன்னேன். அவர் உட்காரவில்லை. நான் பாதி சொல்லும்போதே உலகுவின் படுக்கைக்குப் போய் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். தொங்குகிற கையைத் தூக்கி விட்டார். அது விழுந்தது. லேபுக்குப் போன் செய்து, ரத்தத்தை மறுபடி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள், காரீய விஷத்தின் அடையாளம்.

"ஆபரேஷன் வேணாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நேத்தே கேட்டேனே சார்," என்றார். கோபமாகக்கூட இல்லை. நான் பதில் தெரிந்த பிள்ளை எழுந்து நிற்காதபோது எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தார்.

ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

டாக்டர் போன பிறகு உலகுவிடம் சொன்னேன். உங்கம்மா செம்பை உருக்கிவிட்டேன், உனக்குத் தெரியாமல் அடி வைத்து வாங்கி வந்தேன் என்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும்," என்றாள்.

கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"முப்பது வருசம் தூக்குன செம்பு. கனம் தெரியாதாக்கும்? அடி புதுசு, ஓரத்துல பத்துவச்ச தழும்பு வேற. நீங்க மூஞ்சத் தூக்கி மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கீங்க. சரி, புதுசாச் சமைக்க வந்த மனுசன், கேட்டா ஒடஞ்சு போவீங்கன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் ரசத்தக் குடிக்கும்போதும் பாத்தேன்."

அக்டோபர் 17

ஊசி தொடங்கி இன்று இரண்டாவது நாள். காலையில் குடல் நகர்ந்தது. கொஞ்சம்தான். நர்ஸ் வந்து சொன்னார். நோட்டில் டிக் போடக் கை வரவில்லை.

அக்டோபர் 21

சென்னையிலிருந்து எண் வந்தது. டாக்டர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துச் சொன்னார். எலும்புக்குள் போய் உட்கார்ந்ததெல்லாம் இறங்க வருடக் கணக்காகுமாம். வயிறு தேறும். மணிக்கட்டைப் பற்றி, "பொறுத்துப் பார்ப்போம்," என்றார். நான் மக்குப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அதே குரலில் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் உலகுவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது. திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கு வரிசையில எத்தனை பேரு?"

"எனக்கு முன்னால ஏழு."

"பின்னால?"

நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஏழு பேருல யாரத் தெரியும்?"

ஒருத்தியைத் தெரியும் என்றேன். அவளிடம் ஈயம் முனகும் என்று பாடம் எடுத்ததைச் சொன்னேன். அவளுடைய செம்புக்கும் அதே கட்டியிலிருந்து உடைத்து ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததையும் சொன்னேன். உலகு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையும் அக்டோபர் பன்னெண்டுலயே டாக்டர்ட்டச் சொல்லியிருக்கணும். ஒம்பது நாளாச்சு. இன்னும் இங்க உக்காந்து எனக்கு இட்லி ஊட்டுதீங்க. எந்திரிங்க."

அக்டோபர் 22

நேற்று நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. மேட்டுத் தெரு, பால் டிப்போ, எதிர்வீடு. வாசலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "ஈயம் பேசும்ன சார்தான நீங்க? வாங்க, வாங்க. பேத்தி பொறந்திருக்கா!" என்றாள். உள்ளேயிருந்து மிளகும் சீரகமும் புளியும் கொதிக்கிற வாசனை வந்தது. நன்றாகக் கைப்பக்குவம் தெரிந்தவள் வைக்கிற ரசம்.

கூடத்தில் பாயில் அவள் மகள் சுவரில் சாய்ந்திருந்தாள். வெளுத்த முகம். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. தாயின் ஒரு கை வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தது.

"உக்காருங்க சார், ரசம் குடிச்சிட்டுத்தான் போணும். நீங்க பெரியவங்க, உங்ககிட்டக் கேக்கதுல தப்பில்ல," என்று குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை பெத்ததுலேர்ந்து இவளுக்குச் சரியா வெளிக்கே போக மாட்டேங்கு. அஞ்சு நாள், ஆறு நாள். வயித்தப் பிடிச்சுக்கிட்டே கெடக்கா. கடுக்காய்த் தண்ணி குடுத்துட்டேன், வெளக்கெண்ண குடுத்துட்டேன். நல்லதா ஏதும் கை வைத்தியம் இருந்தா சொல்லுங்களேன்."

நான் உட்காரவில்லை. முதலில் அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். பிறகு நோட்டைத் திறந்து, கோடு போட்ட பக்கத்தை அவள் முன்னால் நீட்டினேன்.